அஷ்டமியில் போங்கள்: ஹேவ்லாக் தீவில் ஒரு வாரம்

அந்தமானுக்கு ஏஜென்ட் விற்கும் பேக்கேஜ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, திரும்ப போர்ட் பிளேரில் ஒன்று. ஏழு நாளில் மூன்று கப்பல், நான்கு முறை பெட்டி கட்டல், விடிவதற்கு முன்பே ஹோட்டல் வாசலில் ஹாரன் அடிக்கும் வேன். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு இது சரிதான். ஓய்வெடுக்க லீவு போட்டு வந்தவர்களுக்கு ஆபீஸே தேவலை என்று தோன்றிவிடும். இங்கே எழுதப்போவது ஒரே தீவில், ஒரே அறையில் ஐந்து இரவு தங்கும் வாரத்தைப் பற்றி. தீவு ஹேவ்லாக்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கப்பல் டிக்கெட்டில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயர் என்று இருக்கும். பதற வேண்டாம், எல்லாம் ஒரே இடம்தான். தீவுக்குள் இன்னும் எளிய பழக்கம் ஒன்று உண்டு: கரைகளுக்கு நம்பர். 1 என்றால் படகுத்துறை, 3 என்றால் கடைத்தெரு இருக்கும் கோவிந்த நகர், 5 என்றால் விஜய நகர், 7 என்றால் ராதாநகர். கிருஷ்ண நகர், ஷ்யாம் நகர் என்றும் ஊர்கள் உண்டு. 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேற்றப்பட்ட வங்காளிக் குடும்பங்களின் தீவு இது. பெயர்களிலேயே அது தெரியும், சாப்பாட்டில் இன்னும் நன்றாகத் தெரியும்.

காலண்டரைக் கிழிக்கும் முன்

தேதி முடிவு செய்யும்போது எல்லோரும் மழையைப் பார்க்கிறார்கள், விமானக் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். பிறையைப் பார்ப்பவர் குறைவு. ஹேவ்லாக்கில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது பிறைதான்.

சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வேறுபாடு ஒரு மீட்டருக்குள். அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது இரண்டு மீட்டர் வரை போகும். இரண்டு மீட்டர் என்பது சரிவான கரையில் பெரிய விஷயமில்லை. தட்டையான கரையில் கடலே காணாமல் போய்விடும். தங்குமிடங்களில் பாதிக்கு மேல் இருக்கும் விஜய நகர் கரை அப்படித் தட்டையானது. தண்ணீர் இறங்கினால் நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் பாசி படிந்த பவளப் பாறையும் சேறும் மட்டுமே தெரியும். இணையத்தில் "கடல் இல்லாத பீச் ரிசார்ட்" என்று ஒரு நட்சத்திரம் போட்டு வசைபாடியிருப்பவர்கள் எல்லாம் வற்று நேரத்தில் போய் நின்றவர்கள். ரிசார்ட்டின் விளம்பரப் படம் ஏற்ற நேரத்தில் எடுத்தது. இரண்டுமே உண்மை, ஆறு மணி நேர இடைவெளியில்.

கணக்கு எளிது. ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அடுத்த நாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி வாக்கில் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடல் நன்றாக ஏறியிருக்கும், பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அடியோடு வற்றும். அஷ்டமியை ஒட்டி இது தலைகீழாகும். அதோடு வேறுபாடும் பாதிக்குக் கீழே குறைந்துவிடும். ஆகவே அஷ்டமி, நவமி, தசமி நாட்களில் நாள் முழுக்கக் கடல் கடலாகவே இருக்கும். நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று நம் வீட்டில் ஒதுக்கிவைக்கும் திதிகள்தான் இந்தக் கடலில் கால் நனைக்கச் சிறந்தவை.

தேய்பிறை அஷ்டமியாகப் பார்த்தால் இன்னொரு லாபம். அப்போது நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும், முன்னிரவு இருட்டாக இருக்கும். சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டிப்போய் நீரில் துடுப்புப் பட்டதும் நீலமாக மின்னுவதைப் பார்க்கும் பயணத்துக்கு இருட்டுதான் மூலதனம். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அசைந்ததும் விடும் வெளிச்சம் அது. நிலா இருந்தால் மங்கிவிடும், பௌர்ணமியன்று ஒன்றுமே தெரியாது. பௌர்ணமியிலும் சிலர் இதற்கு டிக்கெட் விற்கிறார்கள், வாங்க வேண்டாம். நபருக்குச் சுமார் 3,500 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலைப் பயணம், முன்னிரவுப் பயணம் என்று இரண்டு வகை உண்டு. தேய்பிறையில் முன்னிரவு, வளர்பிறையில் விடியற்காலை. நிலா இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் இதில் இருக்கும் சூட்சுமம். செல்போன் கேமராவில் இது சரியாக விழாது, கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாதம் என்று பார்த்தால், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் இடம் இது, அதில் பெரும்பகுதி அப்போதுதான். நவம்பர், டிசம்பரில் புயல் பயம். 2016 டிசம்பரில் புயலால் கப்பல்கள் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிய நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகளைக் கடற்படை போய் மீட்டது. ஜனவரியில் வடகிழக்குக் காற்று வீசும், கிழக்குக் கரை சற்றுக் கலங்கலாக இருக்கும், மேற்குக் கரை அமைதி. பிப்ரவரி பிற்பாதியும் மார்ச்சும்தான் எல்லாம் கூடிவரும் காலம்: இரண்டு கரையும் அமைதி, தண்ணீர் தெளிவு, கிறிஸ்துமஸ் கூட்டமும் கட்டணமும் இறங்கியிருக்கும். ஏப்ரலில் கடல் இன்னும் கண்ணாடி, ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். விடியற்காலை விமானத்தைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் இறங்கி, அன்றைக்கே மதியக் கப்பலில் ஹேவ்லாக் போய்விடலாம். இறங்குவதற்கும் கப்பல் கிளம்புவதற்கும் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள். பெட்டி வர நேரமாகும், துறைமுகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், சோதனை உண்டு, அடையாள அட்டை அசல் கேட்பார்கள். தனியார் கப்பல்கள் ஹேடோ துறையிலிருந்து கிளம்பும், அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து. இரண்டும் வேறு வேறு இடம். ஆட்டோவில் ஏறும்போது வெறுமனே "ஹேவ்லாக் கப்பல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தப்பான வாசலில் இறங்க வாய்ப்பு அதிகம்.

மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் கப்பல்களில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டேகால் மணி நேரத்துக்குள் போய்விடும், கட்டணம் ஒரு வழிக்கு 1,200 முதல் 2,000 வரை. பெரும்பாலானவை மூடிய ஏசி கூடம். வேகம் அதிகம், ஆட்டமும் அதிகம். "பிரீமியம்" என்று முன்வரிசையை விலை கூட்டி விற்பார்கள். அலை வரும்போது முதலில் தூக்கிப் போடுவது அந்த இடத்தைத்தான். வயிறு பலவீனமானவர்கள் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக இருக்கை கேளுங்கள். குமட்டலுக்கு அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறும் கூடாது, மூக்குப்பிடிக்க உண்டதும் கூடாது. இரண்டு இட்லி சரியான அளவு. அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் வெகு குறைவு, திறந்த தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். பயண அனுபவமாக அதுவே மேல். ஆனால் தீவு மக்களுக்குத்தான் முன்னுரிமை. அது நியாயமும்கூட, அவர்களுக்கு அது டவுன் பஸ்.

எங்கே தங்குவது

ராதாநகரில் தங்கினால் நல்ல கடல் காலடியில். ஆனால் அங்கே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய தங்குமிடங்கள். தாஜ், பேர்ஃபுட் போன்றவை பெரும் விலை, மற்றவை எண்ணிக்கையில் குறைவு. சாப்பிட வேறு கடை தேடினால் காட்டுவழியே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கோவிந்த நகருக்கு வர வேண்டும். விஜய நகரில் தங்கினால் அறை 2,500 முதல் 6,000க்குள் கிடைக்கும், நடை தூரத்தில் கடைகள், டைவிங் மையங்கள், சாலையில் ஆட்டோ. கடல்தான் மேலே சொன்ன மாதிரி பாதி நாள் காணாமல் போகும். ஒரு வார ஓய்வுக்கு விஜய நகர்தான் சரி, கூடவே ஒரு ஸ்கூட்டர். ஊஞ்சல் வலையில் படுத்துக்கொண்டு கடல் வற்றுவதையும் திரும்பி வருவதையும் பார்ப்பதே ஒரு வேலைதான், அதைக் கெடுதல் என்று நினைக்காவிட்டால். வற்றும் நேரத்தில் கெட்டியான அடி உள்ள செருப்போடு நடந்து போனால் பாறைக் குட்டைகளில் கடல் வெள்ளரி, நண்டு, சிறு மீன்கள் தெரியும். வெறுங்காலோடு போனால் பவளத்துண்டு கிழிக்கும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது.

அறை பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறதா, ஏசியும் அதில் ஓடுமா? (மின்தடை சாதாரணம், பல இடங்களில் ஜெனரேட்டரில் மின்விசிறி மட்டும்தான் சுற்றும்.) குளிக்கும் தண்ணீர் உப்புக் கரிக்குமா? ஜன்னல்களில் கொசுவலை ஒழுங்காக இருக்கிறதா? மூங்கில் குடில் படத்தில் அழகு, ஆனால் இடுக்கெல்லாம் வாசல். மின்சாரம் தடுமாறும் ஊரில் காற்றோட்டமான அறையே ஏசி அறையைவிட நல்ல பேரம்.

ஸ்கூட்டர் நாளுக்கு 500, 600 ரூபாய். கொடுக்கும்போது டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும், முதல் வேலையாகப் பங்க்குக்குப் போங்கள். ராதாநகர்ச் சாலை மேடு, வளைவு, இருபுறமும் காடு, விளக்கு கிடையாது. சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. லைட்டும் பிரேக்கும் சரியா என்று பகலிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று, கடிகாரம். தீவு இருப்பது கிழக்கே 93 பாகைத் தீர்க்கரேகையில், நேரமோ நம் ஊர் நேரம். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்து, மாலை ஐந்துக்குச் சூரியன் மறைந்துவிடும். மார்ச்சிலும் அஸ்தமனம் ஐந்தரைக்குத்தான். ஒன்பது மணிக்கு எழுந்து, பதினொன்றுக்குக் கிளம்பும் விடுமுறைப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் நாளில் பாதி போச்சு. ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழுவதுதான் தீவின் பழக்கம், இரண்டாம் நாளிலேயே உடம்பு ஒத்துப்போய்விடும்.

ராதாநகர்

2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது, 2020இல் தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. பட்டங்களை விடுங்கள். இந்தக் கரையின் அருமை அதன் அடித்தரையில் இருக்கிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம், பாறையே இல்லாத மாவு மணல், படிப்படியான சரிவு. அதனால் ஏற்றமோ வற்றமோ, எப்போதும் குளிக்கலாம். விஜய நகரில் கடல் வற்றியிருக்கும் நேரங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவதுதான் வாரத்தின் அடிப்படைத் திட்டம். பின்னால் நிற்கும் பெரிய மரங்கள் கடல் மஹுவா, நம் சப்போட்டாவுக்கு நெருங்கிய சொந்தம். நிழல் கரைவரை வரும், குடை வாடகை என்ற பேச்சே வேண்டாம்.

பேக்கேஜ் வேன்கள் எல்லாம் பிற்பகல் மூன்றரைக்கு மேல் சூரிய அஸ்தமனம் பார்க்க வரும். அந்த நேரத்தில் மெரினாவின் ஒரு துண்டை வெட்டிவைத்த மாதிரி இருக்கும். காலை ஆறு முதல் ஒன்பது வரை அதே இடத்தில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மேற்குக் கரை என்பதால் மலைக்காட்டின் நிழல் காலையில் மணல்மேல் விழும், வெயில் உறைக்க நேரமாகும். காலை இங்கே நீந்துவது, ஒருநாள் மட்டும் அஸ்தமனத்துக்கு வருவது என்று வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. மே முதல் செப்டம்பர் வரை இதே கரை வேறு முகம் காட்டும். அலை உயரம், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இரண்டாவது, கரையின் ஒரு கோடியில் உள்ள நீல்ஸ் கோவ் என்னும் உப்பங்கழிப் பக்கம். பச்சை நிறத்தில், அசைவில்லாமல், பார்த்தாலே இறங்கத் தோன்றும். 2010இல் ஓர் அமெரிக்கப் பயணியை உவர்நீர் முதலை கொன்றது அங்கேதான். ஓடை கடலில் சேரும் இடங்களும் சதுப்புக்காட்டு ஓரங்களும் முதலையின் பாதை. பலகை வைத்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

எலிஃபன்ட் பீச், முகமூடி, மீசை

மரம் இழுக்க யானைகள் கொண்டுவரப்பட்ட காலத்தின் பெயர் இது. கடலில் நீந்தியே பெயர் வாங்கிய ராஜன் என்ற யானை 2016இல் இறந்துவிட்டது. இன்னமும் யானையைக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இன்று இது ஸ்நார்க்கலிங் கரை, அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் இடம். படகுத்துறையிலிருந்து படகில் 20 நிமிடம், அல்லது ராதாநகர்ச் சாலையில் இறங்கிக் காட்டுவழியே முக்கால் மணி நேர நடை. மழை பெய்தால் அந்த வழி முழங்கால் சேறு.

படகோடு சேர்த்து நபருக்குச் சுமார் 1,200 ரூபாய் வாங்குவார்கள், அதில் "இலவச ஸ்நார்க்கலிங்" உண்டு. இலவசம் என்றால், மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும், ஒருவர் இழுத்துப்போய்ப் பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அதற்கு மேல் ஆழப் பகுதி, வீடியோ என்று ஒவ்வொன்றுக்கும் காசு. நீந்தத் தெரிந்தவர்கள் டைவிங் கடையில் முகமூடி வாடகைக்கு எடுத்துப்போவது உத்தமம். முதல் படகைப் பிடிக்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் ஜெட் ஸ்கியும் வாழைப்பழ மிதவையும் கலக்கி மணலைக் கிளப்பிவிடும், தண்ணீர் பால் மாதிரி ஆகும்.

முகமூடிதான் ஸ்நார்க்கலிங்கைக் கெடுக்கும் அல்லது காப்பாற்றும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் அளவு. நின்றும் தண்ணீர் கசிந்தால் காரணம் பெரும்பாலும் மீசை, அல்லது விளிம்பில் மாட்டிய தலைமுடி. மீசைமேல் வாசலின் கனமாகத் தடவினால் கசிவு நிற்கும். பட்டையை இறுக்கினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்பக்கம் துளி பேபி ஷாம்பு தேய்த்து ஒருமுறை மட்டும் அலசுங்கள். முதுகும் கழுத்தும் வெந்துபோவது தெரியவே தெரியாது, இரவில்தான் எரியும். முழுக்கை நீச்சல் சட்டை எந்தக் களிம்பைவிடவும் நல்லது.

பவளத்தின் நிலை பற்றி அளவோடு எதிர்பாருங்கள். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவு வெளுத்தன, 2016இலும் அடி. ஆழம் குறைந்த இடங்களில் பழைய கிளைப்பவளங்கள் நொறுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். மீன் வளம் அதைவிட மேல்: கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், கோமாளி மீன் எல்லாம் இடுப்பளவு ஆழம் தாண்டியதுமே வந்துவிடும். பவளத்தின்மேல் நிற்கக் கூடாது. அது உயிர் என்பது ஒரு காரணம், நெருப்புப் பவளம் பட்ட இடம் மூன்று நாள் எரியும் என்பது இன்னொன்று.

ஸ்கூபா

முதுகில் காற்று உருளையோடு கடலுக்கு அடியில் இறங்குவது ஸ்கூபா. நீந்தத் தெரியாதவர்களுக்கும் பயிற்றுநரோடு ஒருமுறை இறங்கிப் பார்க்கும் "ட்ரை டைவ்" உண்டு. வயது 10 நிறைந்திருக்க வேண்டும், அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், உள்ளே 25 முதல் 40 நிமிடம். கரையிலிருந்தே இறங்கும் டைவ் 3,500 முதல் 4,500 வரை, படகில் போனால் 5,500க்கு மேல். முதல் முறைக்குக் கரை டைவே போதும், கோவிந்த நகர்ப் பக்கம் நீமோ ரீஃப் என்ற இடம் அதற்கென்றே அமைந்த மாதிரி. விலை பேரம் பேசும் நேரத்தில் இதைக் கேளுங்கள்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் சரியான பதில். மருத்துவப் படிவம் தராமல், இடுப்பளவு நீரில் பயிற்சி தராமல் நேரே இறக்குகிற கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பாதியில் மேலே வருபவர்களில் பெரும்பாலோர் காது வலியால் வருகிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிக் காதைச் சமன்செய்ய வேண்டும், வலி வந்தபின் அல்ல, வருமுன்னே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறையாவது. வலி வந்துவிட்டால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் ஒத்திப்போடுங்கள்; ஐந்து இரவு தங்குவதன் பயன் அங்கேதான். அதே போல, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் தண்ணீருக்குள் "சூப்பர்" என்று பொருளில்லை, "மேலே கொண்டு போ" என்று பொருள். குஷியில் கட்டைவிரலைக் காட்டி ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தவர்கள் நிறைய. ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் இருந்தால் வேண்டாம். டைவ் முடிந்து 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. உண்மையாகவே பிடித்துப்போனால் ஓப்பன் வாட்டர் என்னும் முதல்நிலைச் சான்றிதழ்ப் பயிற்சி நான்கு நாள், சுமார் 30,000 ரூபாய், அதன்பின் 18 மீட்டர்வரை இறங்கலாம். ஆனால் வாரத்தின் ஓய்வு அதில் கரைந்துவிடும்.

மணல் ஈ

இந்தத் தீவைப் பற்றிய புகழுரைகளில் யாரும் சொல்லாத ஒன்று இது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி, கடிக்கும்போது தெரியாது. மறுநாள் கணுக்காலெங்கும் சிவந்த தடிப்பு, ஒரு வாரம் அரிப்பு. விடியலிலும் அந்தி நேரத்திலும், ஈர மணலும் அழுகிய இலையும் உள்ள இடங்களில் அதிகம். துண்டை மணலில் விரித்துப் படுப்பதுதான் முதல் தவறு. பாய் அல்லது ஊஞ்சல் வலை. முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெயைக் கனமாகத் தடவினால் பூச்சி ஒட்டிக்கொள்ளும், கடிக்காது. கடித்தபின் சொறியாமல் இருப்பதும் இரவில் ஒரு செட்டிரிசினும்தான் வைத்தியம். சொறிந்த புண் கடல்நீர் பட்டுச் சீழ் வைத்தால் மீதி நாட்கள் அறையில்தான்.

சாப்பாடு

வங்காளிச் சமையல், அதனால் கடுகெண்ணெய். நாக்குக்குப் பழக்கமில்லாதவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே வேறு எண்ணெய் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் மீன் சாப்பாட்டை அந்த எண்ணெயிலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். கோவிந்த நகர்க் கடைத்தெருவில் சோறு, பருப்பு, காய், மீன் குழம்பு 200, 250 ரூபாயில் முடியும். அதே மீன் விஜய நகர்க் கடற்கரை உணவகத்தில் மூன்று மடங்கு. சுட்ட மீன் கேட்டால் முழு மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, 100 கிராமுக்கு என்ன விலை, சுத்தம் செய்வதற்கு முன் எடையா பின்னாலா என்று கேட்டுவிடுங்கள். லாப்ஸ்டரில் பில் சண்டை வருவதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான். சூரை, சங்கரா, பாறை, களவா நன்றாகக் கிடைக்கும். காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வருவது. கடல் மோசமான வாரங்களில் தக்காளியும் தயிரும் காணாமல் போகும். சுத்த சைவர்களுக்குப் பட்டினி இல்லை, ஆனால் நான்காம் நாளில் உருளைக்கிழங்கைக் கண்டாலே அலுப்பு வரும்.

செலவு, நெட், இன்ன பிற

இரண்டு பேருக்கு ஆறு இரவு: சென்னையிலிருந்து போக வர விமானம் 24,000, கப்பல் 7,000, ஹேவ்லாக்கில் ஐந்து இரவு 20,000, போர்ட் பிளேரில் ஓர் இரவு 2,500, சாப்பாடு 10,500, ஸ்கூட்டரும் பெட்ரோலும் 3,000, ஆளுக்கொரு டைவ் 9,000, எலிஃபன்ட் பீச் 2,400, ஆட்டோ முதலியன 2,000. ஆக 80,000 வாக்கில். டிசம்பர் கடைசி வாரத்தில் விமானமும் அறையும் மட்டுமே இதைத் தாண்டிவிடும். ஏடிஎம் கடைத்தெருவில் உண்டு, பணம் தீர்ந்துபோவதும் உண்டு. பத்தாயிரமாவது கையில் இருக்கட்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் செல்போன் பரவாயில்லை. ராதாநகர்ப் பக்கம் மட்டும் அடிக்கடி செத்துப்போகும், அது வரமா சாபமா என்பது உங்கள் மேலாளரைப் பொறுத்தது.

நீல் தீவை இந்த வாரத்தில் சேர்க்க வேண்டாம். நல்ல தீவுதான், இன்னும் அமைதி, சைக்கிளிலேயே சுற்றலாம். ஆனால் போகவர ஒரு முழு நாள் துறைமுகத்தில் கழியும். முதியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் ஹேவ்லாக்கையே பரிந்துரைக்கத் தயக்கம்தான். தீவில் சிறிய சுகாதார மையம்தான் உண்டு, பெரிய சிகிச்சை எதுவானாலும் போர்ட் பிளேர், இடையே கடல். இரவுக் கூத்து, ஷாப்பிங், எட்டு மணிக்கு மேல் நடமாட்டம் வேண்டும் என்பவர்கள் கோவாவுக்குப் போகலாம்.

ஆறாம் நாள் மதியக் கப்பலில் போர்ட் பிளேர் திரும்பி அன்றிரவு அங்கே தங்கிவிடுங்கள். விமான நாளன்று காலைக் கப்பலை நம்புவது சூதாட்டம். காற்று கொஞ்சம் ஏறினாலும் ரத்து செய்வார்கள், டிக்கெட் பணம் திரும்பும், விமானம் திரும்பாது. மிச்ச மாலைக்கு செல்லுலார் சிறையின் ஒலி ஒளிக் காட்சி இருக்கிறது. அறையைக் காலி செய்யும் முன் குழந்தைகளின் பைகளை ஒருமுறை துழாவிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பவளத்துண்டும் சங்கும் செத்ததாகவே இருந்தாலும் எடுத்துப்போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. விமான நிலைய எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும், பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்வார்கள்.